நான்கு தடவை சொன்னேன்

"ஆயர் நாயேக்! ஆயர் நாயேக்!"

தண்ணீர் ஏறுகிறது என்று ரஹ்மான் கத்துகிறார். புதன்கிழமை. காலை ஏழு இருபது. அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிறது. ஆள் யாரும் வரவில்லை. தண்ணீர் வருகிறது. பழுப்புத் தண்ணீர். அதன் மேல் ஒற்றைச் செருப்பு. உதிர்ந்த செம்பனைப் பழங்கள். டீசல் வாடை.

கணுக்கால். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கெண்டைக்கால்.

ஐந்து நோயாளிகள் கட்டிலில் இருக்கிறார்கள். லிப்டை நிறுத்தியாகிவிட்டது. மாடிக்குப் படிகள்தான் வழி. இருபத்திரண்டு படிகள். ஒரு கட்டிலுக்கு நான்கு பேர். எங்களிடம் மொத்தமே ஆறு பேர்.

"கீழ பாத்து! கீழ பாத்து! ஒயர் கெடக்கு!"

இது நான். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

மூன்றாவதாகத் தூக்கியது சுப்பிரமணியத்தை. வயது ஐம்பத்து நான்கு. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். நல்ல கனம். பத்தாவது படியில் ரஹ்மானின் கால் வழுக்கியது. கட்டில் சாய்ந்தது. சுப்பிரமணியம் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா லா," என்றார். "முப்பது வருசமா நா குலை ஏத்தறேன். இன்னிக்கு என்னையே குலை மாதிரி ஏத்தறீங்க."

சிரித்தோம். அந்தப் படியில் நின்று சிரித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அன்று யாரும் சிரிக்கவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. வயது முப்பத்து நான்கு. செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அந்த வெள்ளத்தின்போது வட ஜோகூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் அவசரப் பிரிவு மருத்துவர். பெரிய மருத்துவமனை இருக்கும் சிகாமட்டுக்கு அங்கிருந்து ஒரு மணி நேரம், சாலை இருந்தால். அந்த வாரம் சாலை இல்லை. ஊரின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்னும் என்னோடு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ரஹ்மான் மருத்துவ உதவி அதிகாரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தாதி மெய் சீனப் பெண். அவசரப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள். அந்த வாரம் நாங்கள் மூவரும் வீட்டுக்குப் போகவில்லை. மாற்று ஆட்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

சுப்பிரமணியம் எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். கடைசியாகச் செய்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அவரும் மனைவி கமலாவும் பள்ளிக்கூடத்து நிவாரண மையத்துக்குப் போனார்கள். திங்கட்கிழமை அவர் முறை. டயாலிசிஸ் நிலையம் மூழ்கிவிட்டது. மையத்தில் பெயர் கொடுத்தார். டயாலிசிஸ் நோயாளி, உடனே அனுப்ப வேண்டும் என்று. எழுதிக்கொண்டார்கள். செவ்வாய் காலை மறுபடி கொடுத்தார். மறுபடி எழுதிக்கொண்டார்கள்.

செவ்வாய் மாலை நான்கு மணிக்குப் படகில் வந்தார். படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம். கமலா மையத்திலேயே நின்றுவிட்டார்.

"கால் ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கு டாக்டரு," என்றார்.

"ரெண்டு நாளா என்ன சாப்பிட்டீங்கண்ணே?"

"வாழைப்பழம்."

"வாழைப்பழமா?"

"மையத்துல அதான் குடுத்தாங்க. மெகி மீ குடுத்தாங்க. மெகில உப்புன்னு கமலா வேணாம்னுட்டா. வேற என்னா இருந்துச்சு?"

சிறுநீரகம் இல்லாதவருக்கு வாழைப்பழம் கூடாது. அதில் பொட்டாசியம் இருக்கிறது. உடம்பில் அது தேங்கினால் இதயம் நின்றுவிடும். அவருக்கும் தெரியும். பசித்தது. சாப்பிட்டார். இரத்தத்தில் பொட்டாசியம் எட்டைத் தாண்டியிருந்தது. ஆறு வந்தாலே நாங்கள் ஓடுவோம்.

மருந்து இருக்கிறது. கால்சியம் ஊசி இதயத்தைச் சற்று நேரம் காக்கும். இன்சுலினும் குளுக்கோஸும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஒளித்துவைக்கும். எல்லாம் சில மணி நேரத்துக்கு. வெளியேற்ற டயாலிசிஸ்தான் வழி. எங்கள் மருத்துவமனையில் இரண்டு இயந்திரங்கள் உண்டு. அவை நல்ல நிலையில் இருந்தன. முதல் மாடியில், காய்ந்த தரையில். ஆனால் இயந்திரத்துக்குச் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வேண்டும், ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல். ஊரின் தண்ணீர் ஆலை திங்கட்கிழமையே மூழ்கிவிட்டது. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. ஒரு விசில் சத்தம். அவ்வளவுதான்.

செவ்வாய் மாலை நான்கரைக்கு ஹெலிகாப்டர் கேட்டேன். ஐந்துக்குக் கேட்டேன். ஐந்தே முக்காலுக்குக் கேட்டேன். "பட்டியலில் இருக்கிறது" என்றார்கள். எந்தப் பட்டியல் என்று கேட்டேன். லைன் துண்டானது.

புதன் காலை எட்டரைக்குள் ஐந்து பேரும் மாடியில். பிரசவ வார்டின் காரிடார்தான் இனி அவசரப் பிரிவு. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். டுக் டுக் டுக் டுக். நாள் முழுவதும். இன்றும் எங்காவது கடைவாசலில் ஜெனரேட்டர் ஓடினால் நான் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறேன்.

கால்சியம் ஊசிகள் கீழே மருந்துக் கிடங்கில் நின்றுவிட்டன. ரஹ்மான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். பிளாஸ்டிக் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார். வாளியில் ஏழு ஊசிகள். மற்ற பெட்டிகள் மிதந்து போய்விட்டன.

ஒன்பது முப்பத்தைந்து. ஒரு டிராக்டரில் கர்ப்பிணிப் பெண் வந்தாள். எட்டாம் மாதம். டிராக்டரின் தகரம் முழுக்க இரத்தம். எங்கள் குளிர்பெட்டியில் இரண்டு பை இரத்தம் இருந்தது. இரண்டையும் ஏற்றினோம். அறுவை செய்ய எங்களிடம் ஆள் இல்லை. அறையும் இல்லை.

பத்து ஐம்பது. ஹெலிகாப்டர் சத்தம். பள்ளிவாசலுக்குப் பின்னால் மேட்டுத் திடலில் இறங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின.

என் தலைமை மருத்துவர் தொலைபேசியில் இருந்தார். அவர் ஜோகூர் பாருவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஸ்ட்ரெச்சர்தான் ஸ்டெல்லா. யாருன்னு நீதான் சொல்லணும்."

"ரெண்டு பேர் இருக்காங்க."

"தெரியும். யாரு?"

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். சுப்பிரமணியத்தின் இசிஜி கால்சியத்துக்குப் பிறகு தேறியிருந்தது. பேசினார். தேநீர் கேட்டார். அந்தப் பெண்ணின் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இன்னோர் உயிர். பத்து ஐம்பத்தெட்டுக்கு முடிவு சொன்னேன். எட்டு நிமிடம் எடுத்தேன். ஒரு நிமிடம் போதும். மீதி ஏழு நிமிடமும் வேறு வழி தேடினேன். வேறு வழி இல்லை.

சுப்பிரமணியம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காரிடார் அவ்வளவு சின்னது.

"டாக்டரு. நா நேத்தே பேரு குடுத்தேன்ல? எனக்குத்தானே வந்திருக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு ரொம்ப முடியலண்ணே. அடுத்த தடவ உங்களத்தான்."

"நாந்தானே மொதல்ல வந்தேன்?"

"ஆமாண்ணே."

"அப்பறம்?"

"ஒரு மணிக்குத் திரும்ப வருது. ஒரு மணிக்கு நீங்கதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. விமானி "முயற்சி செய்கிறோம்" என்றுதான் சொன்னார். நான் "நிச்சயமா" என்றேன். சுப்பிரமணியம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினொன்று இருபது. ஹெலிகாப்டர் கிளம்பியது. பன்னிரண்டு மணிக்கு வானம் இருண்டது. பன்னிரண்டு நாற்பதுக்குத் தொலைபேசி. மேகம் தாழ்ந்துவிட்டது, இன்று இனிப் பறக்க முடியாது.

நான் தொலைபேசியில் கத்தினேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையானவர். "டாக்டர், என்னால் மழையை நிறுத்த முடியாது," என்றார். உண்மைதான். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. திங்கட்கிழமை மேகம் இல்லை. செவ்வாய் காலை வெயில் அடித்தது. இரண்டு நாளும் அவர் பெயர் ஒரு நோட்டில் எழுதப்பட்டுக் கிடந்தது.

ஒன்று முப்பத்தைந்து. திரையில் இதயத் துடிப்பின் கோடுகள் அகலமாகத் தொடங்கின. கூர் மழுங்கி, அலை மாதிரி. கடைசி இரண்டு கால்சியம். குறுகியது. மறுபடி அகன்றது.

"டாக்டரு, மணி என்னா?" என்றார்.

சுவரில் கடிகாரம் இருந்தது. அவரே பார்த்தார்.

ஒன்று ஐம்பத்திரண்டு. நின்றது.

ரஹ்மான் நெஞ்சை அழுத்தினார். "சத்து, டுவா, தீகா, எம்பாட்." முப்பது வரை எண்ணினார். மெய் காற்றுப் பையை அழுத்தினார். பிறகு நான் அழுத்தினேன். பிறகு மெய். பிறகு ரஹ்மான். ஓர் எலும்பு உடைந்தது. அந்தச் சத்தம் பழகியதுதான், ஆனால் அன்று எல்லாருக்கும் கேட்டது. காரிடாரில் திரை இல்லை. மற்ற நான்கு நோயாளிகளும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

நாற்பத்தெட்டு நிமிடம். இரண்டு நாற்பதுக்கு நிறுத்தச் சொன்னேன்.

அவசரப் பிரிவில் சாவு புதிதல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருக்கிறது. ரஹ்மான் கட்டிலைத் துடைப்பார். அது அவர் வேலை இல்லை. யார் சொன்னாலும் கேட்க மாட்டார். கம்பி, சக்கரம், அடிப்பக்கம் எல்லாம் துடைப்பார். மெய் ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். "புளிப்பு இருந்தால் அழுகை வராது, வாய்க்கு ஒரு வேலைதான் தெரியும்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். என் வழி துணி அறை. படுக்கை விரிப்புகள் அடுக்கிய சின்ன அறை. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பேன். அழுவது கிடையாது. ஜெபமும் கிடையாது, மாதா கோயிலுக்கு ஞாயிறுதோறும் போகிறவள்தான் என்றாலும். சோப்பு வாசனையில் சும்மா நிற்பேன். இரண்டு நிமிடம் முடிந்ததும் அடுத்த நோயாளி. ஏழு ஆண்டுகள் அது போதுமாக இருந்தது.

அன்று துணி அறை தண்ணீருக்குள் இருந்தது.

ரஹ்மான் கட்டிலைத் துடைத்தார். மெய் பையில் தேடினார். மிட்டாய் ஈரமாகிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். நான் எங்கே போவதென்று தெரியாமல் காரிடாரின் நடுவில் நின்றேன்.

கமலாவுக்குச் சொல்ல வேண்டும்.

இதற்கு எங்களுக்குப் பயிற்சி உண்டு. அமைதியான அறையில் உட்கார வைக்க வேண்டும். நாமும் உட்கார வேண்டும். மெதுவாகப் பேச வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லவே கூடாது.

மருத்துவமனைத் தொலைபேசி செத்துவிட்டது. கைபேசிக்கு மாடிப்படித் திருப்பத்தில் மட்டும் சிக்னல் கிடைத்தது. ஒரு கோடு, சில சமயம் இரண்டு. கீழே ஏழு படிகள் தண்ணீருக்குள். நிவாரண மையத்தில் பள்ளி மண்டபத்துக்குத் தகரக் கூரை. அங்கே மழை.

மூன்று ஐந்து. கமலாவை அழைத்தேன்.

"அக்கா, டாக்டர் ஸ்டெல்லா பேசறேன். உக்காந்திருக்கீங்களா?"

"ஹலோ? யாரு?"

"டாக்டர்! ஆஸ்பத்திரியிலருந்து! அக்கா, அண்ணன் தவறிட்டாரு!"

"என்னா? கேக்கல டாக்டர். ஒரே மழ சத்தம்."

துண்டானது.

மறுபடி அழைத்தேன். மூன்று எட்டு.

"அக்கா, அண்ணன் போயிட்டாரு!"

"எங்க போயிட்டாரு? ஜோகூர் பாருக்கா? ஹெலிகாப்டர்ல ஏத்திட்டீங்களா?"

"இல்லக்கா. இல்ல. அவரு…"

துண்டானது.

சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டேன். சுவர் ஈரமாக இருந்தது. நம் மொழியில் சாவுக்கு எத்தனை மென்மையான சொற்கள். தவறுவது. போவது. ஒன்றுகூட அந்த மழையைத் தாண்டவில்லை.

மூன்று பதினொன்று.

"இறந்துட்டாருக்கா! அண்ணன் இறந்துட்டாரு!"

"கேக்கல டாக்டர். சத்தமாப் பேசுங்க லா."

மூன்று பதினாலு. நான்காவது தடவை. நான் எந்த நோயாளியைப் பற்றியும், எந்தக் குடும்பத்திடமும் சொல்லாத சொல்.

"செத்துட்டாரு! அக்கா, உங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு!"

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேலே காரிடாரில் யாரோ கையில் இருந்ததைக் கீழே போட்டார்கள். ஒரு தட்டு உருண்டு நின்றது. கைபேசியைக் காதோடு அழுத்தினேன். தகரத்தில் மழை. ஒரு குழந்தை இருமியது. அந்த மண்டபத்தின் சத்தமெல்லாம் தெளிவாகக் கேட்டது.

"சரி டாக்டர்," என்றார் கமலா. பிறகு, "காலையில பசியாறினாரா?"

"பசியாறினாருக்கா. ரெண்டு பிஸ்கட்டு. தேத்தண்ணி."

"சீனி போடாமத்தானே?"

"போடாமத்தான்."

துண்டானது. நான் மறுபடி அழைக்கவில்லை.

மூன்று இருபத்தைந்துக்கு ஒரு சீனப் பெரியவரின் பாதத்தைத் தைத்தேன். தகரம் கிழித்திருந்தது. ஒன்பது தையல். கை அதுபாட்டுக்குத் தைத்தது. கண்ணிலிருந்து மட்டும் நீர் வந்தது. நான் தையலுக்குப் பயப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "தா அபா டாக்டர், பெலான் பெலான்," என்றார். பரவாயில்லை, மெதுவாகச் செய்யுங்கள் என்கிறார். என்னைத் தேற்றுவதற்காகக் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை தண்ணீர் வடிந்தது. பதினொன்றரைக்குக் கமலா வந்தார். குட்டையான பெண். யாரோ கொடுத்த பெரிய டி-சட்டை. கால் விரல்களுக்கிடையில் சேற்றுப்புண். சவக்கிடங்கு மேட்டில் இருந்ததால் தப்பியது. அவரை அங்கே கூட்டிப்போனேன். பார்த்தார். கணவரின் மீசையை விரலால் சரிசெய்தார். அழவில்லை. வெளியே வந்து சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தோம்.

"அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிடுங்கக்கா," என்றேன். மூன்று நாளாக மனதில் வைத்திருந்த வாக்கியம். "லைன் சரியில்ல. நாலு தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு."

கமலா தலையாட்டினார்.

"மொதத் தடவயே கேட்டுச்சு டாக்டர்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"தவறிட்டாருன்னீங்க. நல்லாவே கேட்டுச்சு. மழதான். ஆனா கேட்டுச்சு. கேக்கலன்னு சொன்னேன். மறுபடி அடிச்சீங்கன்னா வேற ஏதாச்சும் சொல்வீங்களோன்னு." கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "போயிட்டாருன்னு சொன்னப்ப ஹெலிகாப்டர்னு கேட்டுப் பாத்தேன். ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு."

மேட்டில் இருந்து பார்த்தால் ஊர் முழுக்கச் சேறு. வீட்டுக்கு வீடு மெத்தைகளை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கோ ஒரு தண்ணீர் மோட்டார் ஓடியது.

"ஹெலிகாப்டர் வந்துச்சாமே?" என்றார். "மையத்துல சொன்னாங்க. தலைக்கு மேலதான் போச்சு. நா கைகூட ஆட்டினேன். அவருதான் போறாருன்னு."

வந்தது என்றேன். ஒருவருக்குத்தான் இடம் என்றேன். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றச் சொன்னது நான்தான் என்றேன். ஒரு மணிக்குத் திரும்ப வரும் என்று அவரிடம் நிச்சயமாகச் சொன்னேன், அது பொய் என்றும் சொன்னேன். தலைமை மருத்துவர் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். சொல்லாமல் என்னால் முடியவில்லை.

கமலா குனிந்து கால் விரல்களில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தார்.

"அந்தப் பொண்ணு பொழச்சாளா?"

"பொழச்சா. புள்ளயும்."

"அவ பேரு என்னா?"

"அது…"

"வேணாம். சொல்லாதீங்க." எழுந்தார். "தெரிஞ்சா நா திட்டுவேன். பச்ச ஒடம்புக்காரி. திட்டக் கூடாது."

என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஹெலிகாப்டருக்காக நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. சவப்பெட்டி வைத்த வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கண்ணாடியை இறக்கி, "நீங்களும் ஏதாச்சும் சாப்பிடுங்க டாக்டர். மொகம் செத்துப் போயிருக்கு," என்றார். வேன் போய்விட்டது.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து எங்கள் எல்லாருக்கும் கைபேசியில் ஒரு படிவம் வந்தது. தூக்கம் கெடுகிறதா. ஆர்வம் குறைந்திருக்கிறதா. இல்லை, சில நாட்கள், பல நாட்கள், தினமும். ஒன்றைத் தொட வேண்டும். எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தொட்டேன். ரஹ்மானும் அதையே செய்தார். உண்மையைத் தொட்டால் வேலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். நம் முறையை மற்ற இருவர் பார்க்க வேண்டும். மற்ற இருவரும் எங்களைப் போலத்தான் இருந்தார்கள்.

மூச்சுப் பயிற்சி பற்றி இணையத்தில் ஓர் உரை ஏற்பாடு செய்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு. நாங்கள் பணியில் இருந்தோம். "நான்கு எண்ணி உள்ளே இழுங்கள்" என்றார் அந்த அம்மாள். நல்லவர். குரல் இனிமையாக இருந்தது. அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து உள்ளே வந்தது. மெய் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அது மேசையில் தனியாக எண்ணிக்கொண்டிருந்தது.

நான் ஓர் அறிக்கை எழுதினேன். ஆறு பக்கம். எனக்கு மூச்சுப் பயிற்சி வேண்டாம். இந்த ஊரில் ஆறு பொங்குவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மழை எச்சரிக்கை வந்ததும் டயாலிசிஸ் நோயாளிகளை முன்னதாகவே பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் யார் யார் என்ற பட்டியல் நிலையத்தில் எப்போதும் இருக்கிறது. இருபது முப்பது பேர். ஒரு பேருந்து போதும். நிவாரண மையத்தில் அவர்களுக்கென்று தனிச் சாப்பாடு வேண்டும். பெயர் எழுதும் நோட்டை யாராவது ஒருவர் தினமும் படிக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் பரிந்துரைகள் கவனத்தில் கொள்ளப்பட்டன." கீழே கையெழுத்து இல்லை. கணினி அச்சு, கையெழுத்து தேவையில்லை என்று ஒரு வரி.

அதற்கு முன்பே, வெள்ளம் வடிந்து ஒரு மாதத்தில், லீவு எடுத்து அம்மா வீட்டுக்குப் போனேன். குளியலறையிலிருந்து வந்த அம்மா கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுக் கடைக்குப் போன் செய்து ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன்மா கத்தற?" என்றார்.

நான் கத்துவது எனக்குத் தெரியவில்லை. யாரோடு தொலைபேசியில் பேசினாலும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஒரு மாதமாக. யாரும் சொல்லவில்லை. அம்மா கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். அன்று பிற்பகல் எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டி வந்து ஆறிப்போனது. அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அவரு பேரு என்னா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் இறந்தவர்களுக்கான ஜெபத்தில் ஒரு சுப்பிரமணியத்தையும் சேர்த்துக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களாம்.

இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறேன். பொந்தியான் பக்கம், கடலோரம். துணி அறைக்குப் போவதில்லை. ஒருவர் இறந்தால் அவர் பெயரை நான், ரஹ்மானைப் போன்ற இன்னொருவர், தாதிகள், எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று ஒரு தடவை சத்தமாகச் சொல்கிறோம். அரை நிமிடம் ஆகும். நான்தான் தொடங்கினேன். சில நாள் உதவுகிறது. சில நாள் இல்லை. "போயிட்டாரு" என்று குடும்பத்திடம் நான் சொல்வதே இல்லை. மெதுவாக, உட்கார்ந்து, "இறந்துட்டாரு" என்கிறேன். கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும்.

அந்த வாரத்தில் இழந்தவை.

கீழ்த்தளத்தில் இருந்த எல்லா இயந்திரங்களும். புதியவை வந்துவிட்டன. மருந்துக் கிடங்கு. அதையும் கட்டிவிட்டார்கள், அதே கீழ்த்தளத்தில்.

ரஹ்மானின் வீடு. ஞாயிறன்றே போய்விட்டதாம். வெள்ளிக்கிழமைதான் எங்களிடம் சொன்னார். மனைவியும் பிள்ளைகளும் உறவினர் வீட்டில் இருந்தார்கள்.

தாதி மெய். உயிரோடு இருக்கிறார். நான்கு மாதம் கழித்து ராஜினாமா செய்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அவசரப் பிரிவில் இல்லை. கண் மருத்துவரிடம். அங்கே யாரும் சாவதில்லை என்றார்.

இறந்தவர்கள். நிவாரண மையத்தில் ஈரப் பாயில் படுத்து நெஞ்சில் சளி கட்டிய பாத்திமா, எழுபத்தொரு வயது, வியாழன் காலை ஆறு ஐம்பது. வெள்ளி நண்பகல் ஆற்றிலிருந்து கொண்டுவந்த ஓர் ஆண், நாற்பது வயது இருக்கும், இன்றுவரை பெயர் தெரியாது. சுப்பிரமணியம், ஐம்பத்து நான்கு, புதன் பிற்பகல் இரண்டு நாற்பது.

வெள்ளத்தில் இறந்தவர்கள் என்று அந்த ஊருக்கு ஓர் எண்ணிக்கை வெளியிட்டார்கள். நான் தேடிப் படித்தேன். ஆற்றில் கிடைத்தவர் அதில் இருக்கிறார். பாத்திமா நிமோனியா என்று வேறு கணக்கில் போய்விட்டார். சுப்பிரமணியத்தின் இறப்புச் சான்றிதழில் காரணம் சிறுநீரகச் செயலிழப்பு. அதை நிரப்பியது நான்தான். அந்தக் கட்டத்தில் நோயின் பெயரைத்தான் எழுத முடியும்.

அவர்கள் கணக்கில் ஒருவர். என் கணக்கில் மூவர்.